மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து

நான் பொறியியல் படிக்கிறேன் என்ற செய்தியை முதன்முதலாகக் கேள்விப்பட்டது ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் ஒரு குடிபுகல் வீட்டில். அப்போது என் வாயில் பாதி வடை இருந்தது. மீதி கையில் இருந்தது. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே தெரிந்த ஓர் அன்ரியின் வீடு அது. பெயின்ற் மணம் போகாத புதுவீடு, கார் விட இரண்டு கதவு, மாடிப்படி முழுக்க வெள்ளைக் கம்பளம். தன் மகன் பொறியியலுக்கு எடுபட்டுவிட்டதை, நாங்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அன்ரி சொல்லி முடித்துவிட்டார். பிறகு சாப்பாட்டு மேசையடியில் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"மகள் இப்ப என்ன செய்யிறா?"

"அவவும் இஞ்சினியரிங் தான்," என்றார் அம்மா. சம்பல் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

வடையை விழுங்க எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. உண்மையில் நான் அந்த ஆவணி மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுக்குப் பதிந்திருந்தேன், அவ்வளவுதான். எந்தத் துறையென்று பெயரில்லாத, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' வகை முதலாம் ஆண்டு. அதைப் பொறியியல் என்று சொல்வதற்கு அம்மாவின் துணிச்சல் வேண்டும்.

திரும்பி வரும்போது காரில் நான் வெடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும் என்று அண்ணா சொல்வான். அவன்தான் கார் ஓட்டினான். எங்களுக்கு முன்னமே கனடாவுக்கு வந்து, மிசிசாகாவில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி தூக்கி, எங்கள் இருவரையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவன். அப்பா அதற்கு முதலே ஊரில் காலமாகிவிட்டார். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"பொய் இல்லை. முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான். ஒரு வருசம் படிச்சுப்போட்டு மற்றக் கம்பசுக்கு மாறலாம் எண்டு நீதானே சொன்னனி?"

"நான் மாறப்போறன் எண்டது கொம்பியூட்டர் சயன்சுக்கு."

"உதுவும் இஞ்சினியரிங் மாதிரித்தானே. அந்த மனுசிக்கு உது விளங்குமோ?"

அண்ணா கண்ணாடியில் என் காதைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் மேலே சண்டை பிடிக்க முடியவில்லை.

மாற வேண்டும் என்பது மட்டும் பொய்யில்லை. இங்கே வந்து பள்ளிக்கூடத்தில் கடைசி இரண்டு வருடங்கள் படித்தபோது, ஆங்கிலத்தில் வாய் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானங்களில் நான் போய் ஒளிந்த இடம் கொம்பியூட்டர் அறை. நான் எழுதியதை எழுதியபடி செய்து காட்டி, பிழை விட்டால் எத்தனையாவது வரியில் பிழையென்று மரியாதையாகச் சொல்லி, என் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத ஒன்று அந்த அறையில் இருந்தது. அதோடுதான் என் வாழ்நாளைக் கழிக்க வேண்டுமென்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் ஆங்கிலப் பாடத்தின் புள்ளி என்னைக் கீழே இழுத்துவிட்டது. நான் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் மறுத்தது. இன்னொன்று சும்மா சேர்த்துக்கொண்டது. ஒரு வருடம் அங்கே நன்றாகச் செய்தால் ஆசைப்பட்ட இடத்துக்கு மாறலாம் என்று பள்ளிக்கூடத்து ஆலோசகர் சொன்னார். 'நன்றாகச் செய்வது' என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

மொத்தம்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. தவணைக்குத் தவணை வரும் தேர்ச்சி அறிக்கையில் பாடங்களுக்குக் கீழே மொத்தம் என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் எத்தனையாம் பிள்ளை என்று இன்னொரு கட்டம். வீட்டில் அந்த இரண்டு கட்டத்தையும்தான் பார்ப்பார்கள். கணக்கில் என்ன, சித்திரத்தில் என்ன என்பதெல்லாம் பிறகு வரும் கதை. பல்கலைக்கழகத்துக்கு எடுப்பதும் மொத்தத்தைப் பார்த்துத்தான். அம்மா அந்தக் காலத்தில் டொக்டராக வேண்டுமென்று பரீட்சைக்குப் படித்தவர். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் மற்ற இடத்துப் பிள்ளைகளைவிடக் கூடுதலான மொத்தம் கேட்டார்கள். "எனக்கு மொத்தம் காணேல்லை," என்று மட்டும் அம்மா சொல்வார். எத்தனை புள்ளி போதாமல் போனது என்று எங்களுக்குச் சொன்னதில்லை. இப்போது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பின்னேர வேலை. கையுறை போட்டுக்கொண்டு, உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எறிகிறவர்.

ஆகவே அந்த ஆவணியில் நாங்கள் மூவரும் குசினி மேசையில் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியல் புத்தகத்தை விரித்து வைத்துச் சாதகம் பார்ப்பது போலப் பொருத்தம் பார்த்தோம். மூன்று மாதத்தில் முடியும் பாடங்கள் ஐந்து எடுக்க வேண்டும். கணிதம் ஒன்று, கொம்பியூட்டர் ஒன்று கட்டாயம். மிச்சம் மூன்றும் எங்கள் இஷ்டம்.

"மொத்தம் ஏத்திற பாடமாய்ப் பார்," என்றார் அம்மா.

தேடினோம். கணக்கே இல்லாத வானவியல் ஒன்று அகப்பட்டது. உலக சமயங்கள் அகப்பட்டது. சினிமா பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுதும் பாடம் ஒன்றும் இருந்தது. அண்ணாவால் அதை நம்பவே முடியவில்லை.

"படம் பாக்கிறதுக்கும் மார்க்ஸ் போடுவினமோ? அப்ப எனக்கு ஊரிலையே பட்டம் தந்திருக்க வேணும்."

பழியை அம்மாவின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. நானும் அதை முழுதாக நம்பினேன். கணிதத்தில் கொஞ்சம் சறுக்கினாலும் சமயம் தூக்கிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். நிம்மதி கூடிப்போனதால் கணிதத்துக்குப் போகாமல் நூல்நிலையத்தில் சனிக்கிரகத்தின் வளையங்களைப் பற்றிப் படித்த நாட்களும் உண்டு. உலக சமயங்களுக்கு எங்கள் கோயில் தேர்த் திருவிழாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பேராசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அன்றைக்கு என் உச்சரிப்பு ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை.

புள்ளிகள் மார்கழிக் கடைசியில் ரெலிபோனில் வந்தன. ஒரு நம்பரை அழுத்தி, மாணவர் இலக்கத்தை அழுத்தினால், பதிவுசெய்த குரலில் ஒரு பெண் ஒவ்வொரு பாடமாகச் சொல்வாள். அம்மா படுக்கையறையிலிருந்த மற்ற ரெலிபோனில் காதை வைத்துக்கொண்டு, பலசரக்குக் கடை தந்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். வானவியல் எண்பத்தெட்டு. சினிமா எண்பத்தாறு. கொம்பியூட்டர் அறுபத்தெட்டு. கணிதம் அறுபத்திரண்டு. சமயம் தொண்ணூற்றொன்று. அந்தப் பெண் நன்றி சொல்வதற்குள் அம்மா கூட்டி முடித்துவிட்டார்.

"முந்நூற்றித் தொண்ணூற்றைஞ்சு! சமயத்துக்குத் தொண்ணூற்றொண்டு!"

தாள் குளிர்பெட்டிக் கதவில் ஏறியது. அண்ணா வேலையால் வந்து வாசித்துவிட்டு எனக்குக் கைகொடுத்தான்.

"வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"இஞ்ச அப்பிடிப் பாக்கிறேல்லை அம்மா."

பார்ப்பதில்லைதான். ஆனால் நான் பார்த்திருந்தேன். கணிதப் புள்ளிகளை மாணவர் இலக்கத்தோடு நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பழக்கதோஷம் விடுமா? விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பிள்ளை. அந்த விஷயம் என்னோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்ததும் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். தபாலில் போடலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அம்மா விடவில்லை. நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டுமாம். "அங்கை ஆரையும் பிடிக்கேலாதோ?" என்று முதலில் கேட்டார். அப்பா ஊரில் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவர். பதுளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவருக்கு மாற்றம் கிடைத்தது ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போக வேண்டிய வீட்டுக்குப் போன பிறகுதான். ஆகவே மாற்றம் என்றால் என்ன, அது எப்படிக் கிடைக்கும் என்று அம்மாவுக்குத் திட்டமாகத் தெரியும். கறுத்தக்கொழும்பான் ஸ்காபரோவில் கிடைக்காதபடியால் முறுக்குச் சுட்டார். பழைய பிஸ்கட் ரின் ஒன்றை நிரப்பி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டித் தந்தார்.

மடியில் ரின்னோடு ஒரு பஸ், ஒரு ரயில், இன்னொரு பஸ். வெளியே பனி, உள்ளே ஹீற்றர். அந்தச் சூட்டில் பஸ் முழுக்க எள்ளும் சீரகமும் மணத்தது. பக்கத்திலிருந்தவர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். நான் யன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

மாற்று அனுமதியைப் பார்க்கும் அலுவலர் ஒரு பெண்மணி. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டி, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நான் ரின்னை மேசையில் வைத்ததும் மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டார். முடிவு சொல்வதற்கு முன் தான் எதையும் வாங்கக்கூடாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணம் நல்லாயிருக்கிறது, உள்ளே என்ன என்றுகூடக் கேட்டார். நான் முறுக்கை விளக்கப் பட்ட பாட்டில் கட்டாயம் எனக்குக் காது சிவந்திருக்கும்.

பிறகு என் புள்ளித் தாளைப் பார்த்தார். சராசரி எழுபத்தொன்பது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் தலையாட்டினார். மேசையிலிருந்த இரண்டு கடித உறைகளை எடுத்தார். பாடங்கள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன. ஓர் உறையை மேலே வைத்தார். வானவியலும் சினிமாவும் மறைந்தன. மற்றதைக் கீழே வைத்தார். சமயமும் சராசரியும் மறைந்தன. நடுவில் இரண்டே இரண்டு வரி மிஞ்சியது. கொம்பியூட்டர் அறுபத்தெட்டு, கணிதம் அறுபத்திரண்டு.

நாங்கள் பார்ப்பது இவ்வளவுதான் என்றார்.

அவர் சொன்னதெல்லாம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. மொத்தச் சராசரி ஒரு வாசற்படி, அதைத் தாண்டினால் போதுமாம். உள்ளே வந்த பிறகு ஆட்களைப் பிரிப்பது, போக விரும்பும் துறைக்கு வேண்டிய பாடங்களின் புள்ளிதான். அது எழுபத்தைந்துக்குக் கிட்டவாவது நிற்க வேண்டும். சமயத்தில் தொண்ணூற்றொன்று எடுத்தவர் சமயம் படிக்க வந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போவோம், நீங்கள் கொம்பியூட்டருக்கல்லவா வருகிறீர்கள் என்றார். அடுத்த தவணைக்கு என்ன பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கிரகங்களுக்குப் பிறகு நட்சத்திரங்கள், சமயத்தில் இரண்டாம் பாகம், சினிமாவில் இரண்டாம் பாகம் என்று சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. பாடம் மாற்ற இன்னும் ஒரு வாரம் இருக்கிறதுதானே என்றார். புள்ளி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்ப்போம் என்று எழும்பும்போது சொன்னார். முடிவு வந்த பிறகு ரின்னைக் கொண்டுவரச் சொன்னதும் அப்போதுதான்.

திரும்பும் ரயிலில் ரேப்பைக் கிழித்து முறுக்கைத் தின்னத் தொடங்கினேன். முதலாவது முறுக்கில் அழுகை வந்தது. அம்மாவும் அண்ணாவும் நானும் நாடி பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த மூன்று பாடங்களும் இரண்டு கடித உறைக்குள் போய்விட்டனவே என்று நினைக்க, மூன்றாவது முறுக்கில் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்காபரோ வரும்போது ரின்னில் கால்வாசி காலி.

வீட்டில் அம்மாவிடம் நாட்காட்டித் தாளைக் கையால் மூடிக் காட்டினேன்.

"அவை இந்த ரண்டையும்தான் பாக்கினமாம்."

அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "மூடிப்போட்டால் எடுத்த மார்க்ஸ் இல்லாமல் போயிடுமோ? முந்நூற்றித் தொண்ணூற்றைஞ்சு எண்டால் முந்நூற்றித் தொண்ணூற்றைஞ்சுதான்."

"நான் சமயத்தையும் வானவியலையும் விடப்போறன் அம்மா. கணிதம் மூண்டு எடுக்கப்போறன்."

"தொண்ணூற்றொண்டு தந்த பாடத்தை ஆரும் விடுவினமோ? உனக்கென்ன விசரோ?"

நானும் குரலை உயர்த்தினேன். நீங்கள் ரூஜிலை சொன்ன பொய்யை மெய்யாக்கத்தானே இவ்வளவு பாடு என்று கத்தினேன். அம்மா பிஸ்கட் தொழிற்சாலைக்கு வெளிக்கிட்டார். போகும்போது எனக்குத் தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்துவிட்டுத்தான் போனார். அதைக் கண்டதும் கத்தியது எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த நாளே பாடங்களை மாற்றினேன். கணிதத்தில் மூன்று வகை, கொம்பியூட்டரில் இரண்டாம் பாகம். ஐந்தாவதுக்கு வேறு ஒன்றும் நேரத்துக்கு ஒத்துவராததால் சினிமா மட்டும் தப்பியது. முதல் மாதம் கரும்பலகையில் நடப்பது எதுவும் விளங்கவில்லை. பிறகுதான் நாங்கள் எப்படிப் பரீட்சை எழுதப் பழகிய ஆட்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. நூல்நிலையத்தில் பழைய வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. சில்லறையை மாற்றிக்கொண்டு போய்க் கிடைத்த வருடமெல்லாம் பிரதி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு அவற்றைச் செய்தேன். அம்மா முதலில் கோபத்தோடு அந்தப் பக்கம் வராமல் இருந்தார். இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டைத் தூக்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார். மூன்றாவது ஞாயிறு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குளிர்பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு பிள்ளை எழுதும் பரீட்சைக்கு அப்படி ஒரு மேற்பார்வையாளரை நான் எங்கும் கண்டதில்லை. தண்ணீர் குடிக்க எழும்பினால், "இரு, கேட்டால் நான் கொண்டுவந்து தருவன்," என்பார். அண்ணா தொலைக்காட்சியைப் போட்டால் போச்சு.

"அரை மணித்தியாலம் இருக்கு," என்று உரத்து அறிவிப்பார். வீட்டில் பரீட்சை எழுதுவது நான் ஒருத்திதான். பிறகு, "நேரம் முடிஞ்சுது. பேனையை வை."

"ஒரு வரிதான் அம்மா."

"பேனையை வை எண்டு சொன்னனான்."

கணக்கின் நடுவிலேயே தாளை இழுத்துவிடுவார். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் ஒழுங்காக நுனி பார்த்து அடுக்கி வைப்பார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அதே நேரம் கிழமை முழுக்க எப்போது ஞாயிறு வரும் என்றும் இருந்தது. பிஸ்கட் பொறுக்கிவிட்டு வரும் அம்மாவை விட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குசினியில் நடக்கும் அம்மா இரண்டு அங்குலம் உயரமாக இருந்தார். அவர் அப்படி நடப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சித்திரைக் கடைசியில் மறுபடி அந்த ரெலிபோன் பெண். மறுபடி படுக்கையறையில் அம்மா. சினிமா அறுபத்துநான்கு. கொம்பியூட்டர் எண்பத்துநான்கு. மூன்று கணிதமும் எண்பத்தொன்று, எழுபத்தெட்டு, எழுபத்தாறு. நான் துள்ளிக் குதித்தேன். அறைக்குள் ஓடினேன். போய்ப் பார்த்தால் அம்மா கட்டிலில் தாளோடு இருந்தார்.

"முந்நூற்றி எண்பத்திமூண்டு," என்றார். "பன்ரண்டு குறைஞ்சுபோச்சு பிள்ளை."

குளிர்பெட்டியில் பழைய தாள்தான் தொடர்ந்து தொங்கியது. புதியது ஏறவில்லை.

எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. கணிதமும் கொம்பியூட்டரும் மட்டும் எடுத்து இரண்டு தவணையையும் சேர்த்தேன். ஆறு பாடம், நானூற்று நாற்பத்தொன்பது. எழுபத்தைந்து வர நானூற்று ஐம்பது வேண்டும். மூன்று தரம் கூட்டினேன், மூன்று தரமும் ஒன்று குறைந்தது. முதல் தவணையில் சனிக்கிரகத்தின் வளையங்களைப் பார்த்த ஒரு நாளை மட்டும் கணிதத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த ஒன்று வந்திருக்கும். அண்ணாவிடம் மட்டும் சொன்னேன்.

"சும்மா இரு. ஒரு மார்க்குக்காக ஆரும்..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் அம்மாவின் அறைக் கதவைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை.

வைகாசி முழுக்க நான் கீழே போய்க் கடிதப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். ரூஜ் அன்ரி இரண்டு தரம் ரெலிபோன் எடுத்து, "மகளுக்கு இஞ்சினியரிங் எப்பிடிப் போகுது?" என்று விசாரித்தார். "கஷ்டம்தான், ஆனால் செய்யிறா," என்று அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் தேங்காய் துருவினேன்.

ஆனியில் ஒரு நாள் தடித்த உறை வந்தது. லிஃப்டில் நின்றபடியே கிழித்தேன். முதல் வரியிலேயே இருந்தது. கொம்பியூட்டர் சயன்ஸ், செப்ரெம்பரிலிருந்து. பதினோராம் மாடியில் இறங்க மறந்து மேலே போய்த் திரும்பி வந்தேன். அச்சடித்த கடிதத்தின் அடியில் பேனையால் இரண்டு வரி. அறுபத்திரண்டிலிருந்து எண்பத்தொன்றுக்கு ஏறியதைக் கவனித்தோம் என்று ஒரு வரி. இனி அந்த ரின்னைக் கொண்டுவரலாம் என்று மற்றது.

அம்மா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினார். பிறகு நேரே ரெலிபோனுக்குப் போய் ரூஜ் அன்ரியைக் கூப்பிட்டார்.

"ஓமப்பா, இஞ்சினியரிங் வேண்டாமாம். கொம்பியூட்டருக்கு மாறிட்டா. விடமாட்டம் எண்டுதான் நிண்டவங்கள். இவதான் பிடிவாதமாய் மாறினவ. இப்ப உதுக்குத்தானே மதிப்பு... உங்கடை மகன் உதுக்கு மாற நினைக்கேல்லையோ?"

பத்து மாதமாக நான் சுமந்த பொய்யை, ஒரு நிமிடத்தில், அதுவும் ரூஜ் பக்கம் ஒரு குத்தும் விட்டு முடித்துவைத்தார். அண்ணா சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

வந்த ஞாயிறு அந்த அலுவலருக்காக அம்மா மறுபடி முறுக்குச் சுட்டார். நான் மேசையடியில் இருந்துகொண்டு சுட்டெடுத்த முறுக்கை அடுக்கினேன். இரண்டாவது ஈட்டை எண்ணெய்க்குள் விட்டுவிட்டு அம்மா திடீரென்று கேட்டார்.

"மொத்தம் குறைஞ்சும் எப்பிடி எடுத்தவை?"

மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை தட்டிவிடவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், பிளாஸ்ரிக் உறையில் வைத்த ஒரு தாளோடு வந்தார். அப்படி ஒன்று அவரிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு முறை இடம்பெயர்ந்ததில் எங்கள் வீட்டில் கலியாணப் படம்கூடத் தப்பவில்லை. இது தப்பியிருக்கிறது. அம்மாவின் பரீட்சைப் பெறுபேறு. தாவரவியல் ஏ, இரசாயனம் பி, பௌதிகம் மட்டும் தப்பினேன் பிழைத்தேன் என்று எஸ், விலங்கியல் ஏ. அடியில் மொத்தம்.

"எத்தினை குறைஞ்சது அம்மா?"

"மூண்டு."

என் கடிதம் வந்த உறையை எடுத்து மொத்தத்தின் மேல் வைத்தார். எண்ணெய்க் கைப் பெருவிரலைப் பௌதிகத்தின் மேல் வைத்தார்.

"இப்பிடிப் பாத்தால்?"

அந்த அலுவலர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டொக்டருக்குப் படிக்கப் போகிறவருக்குப் பௌதிகமும் வேண்டிய பாடம். எந்த உறையை வைத்தாலும் அந்த வரியை மூட முடியாது. நான் அம்மாவின் பெருவிரலைப் பார்த்தேன்.

"ரண்டு ஏ, ஒரு பி," என்றேன். "உங்களைக் கட்டாயம் எடுத்திருப்பினம் அம்மா."

"உண்மையாவோ?"

"ஓம். டொக்டருக்குப் பௌதிகம் என்னத்துக்கு?"

"அதைத்தானே நானும் அண்டைக்குக் கேட்டனான்!" என்றார் அம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. நானும் சிரித்தேன். ரூஜில் எனக்காகப் பொய் சொன்னபோது அது அவருக்கு எவ்வளவு சுகமாக வந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெருவிரலை அவர் எடுக்கவில்லை. அடுப்பில் முறுக்கு கருகும் மணம் வந்தது. நான் எழும்பிப் போய் நெருப்பைக் குறைத்தேன்.